விடுதலை பெற்ற நாட்டில் காணி இழந்த கிராமங்கள்

மெக்சிக்கோ என்றொரு நாடு இருப்பதை நம்மிற் பலர் வானொலிச் செய்தியிலேயே கேட்டிருப்போம். ஆனால் அந்த நாட்டு மக்கள் முதன்முதலிற் பயிராக்கிய ஒரு பொருள் இல்லாமல் நமது அடுப்பில் ஒரு கறியும் கொதிப்பதில்லை. மிளகாய் அங்கிருந்து வந்தது. சோளனும் அங்கிருந்தே வந்தது. ஐரோப்பியரின் கப்பல்களில் மிளகாய் வந்து இறங்கும் வரை நமது மூதாதையர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர். ஆகவே இம்முறை நாம் படிக்கப்போவது முற்றிலும் அந்நியமான மக்களின் கதையன்று. மண்ணைக் கொத்தி, மழையைப் பார்த்து வாழ்ந்த கமக்காரரின் கதை.

ஒரு நாடு அந்நிய ஆட்சியிலிருந்து விடுதலை பெறும்போது, அந்த நாட்டுக் கமக்காரனுக்கு அவன் இழந்த காணி திரும்பக் கிடைக்கிறதா? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வாசிப்போம். ஸ்பெயின் தேசத்தின் கீழ் இருந்த நாடுகள் பல. அவற்றுள் மெக்சிக்கோவை நாம் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம், அங்கே இந்தக் கேள்விக்கான பதில் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடந்தது என்பதே. பெட்டியின் கதைக்குக் கடைசியில் வருவோம்.

மக்களைப் பிரித்த விதம்

1519இல் ஸ்பானியப் படையினர் மெக்சிக்கோக் கரையில் இறங்கினர். 1521இல் அஸ்டெக் அரசின் தலைநகர் வீழ்ந்தது. அதன் பின்னர் 300 ஆண்டுகள் அந்த நாடு 'புதிய ஸ்பெயின்' என்ற பெயரில் ஸ்பானிய மன்னருக்குச் சொந்தமாக இருந்தது. (இங்கே ஒரு விடயத்தைக் குறிப்பிடலாம். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் ஒரே மன்னரின் கீழ் இருந்தன. எனவே 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயருக்கும், மெக்சிக்கோவை அப்போது ஆண்ட ஸ்பானியருக்கும் மன்னர் ஒருவரே.)

வாளினால் இறந்தவர்களை விடப் பெரியம்மையினாலும் பிற புதிய நோய்களினாலும் இறந்தவர்கள் மிக அதிகம். அந்த நோய்களை மெக்சிக்கோ மக்களின் உடல் முன்னர் அறிந்திருக்கவில்லை. ஊர் ஊராக மக்கள் அழிந்தனர். ஆளில்லாமற் கிடந்த நிலங்களை ஸ்பானியர் மன்னரின் கொடையாகப் பெற்றுக்கொண்டனர். 'அசியெண்டா' எனப்பட்ட பெரும் பண்ணைகள் இவ்வாறே வளரத் தொடங்கின.

மக்கள் பிறப்பின்படி அடுக்கப்பட்டனர். உச்சியில் இருந்தவர்கள் ஸ்பெயினிலேயே பிறந்து வந்தவர்கள். ஆளுநர், பேராயர், நீதிபதி போன்ற உயர்ந்த பதவிகள் பெரும்பாலும் இவர்களுக்கே. அடுத்தவர்கள் மெக்சிக்கோவில் பிறந்த ஸ்பானிய வமிசத்தவர். இவர்களைக் கிரியோல்லோ என்றனர். பணமும் பண்ணையும் இவர்களிடம் இருந்தன, ஆனால் பெரிய கதிரைகள் கிடைப்பது அரிது. இவர்களுக்குக் கீழே ஸ்பானியருக்கும் சுதேச மக்களுக்கும் பிறந்த மெஸ்டிசோக்கள், ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்களின் கலப்பு வழிவந்தவர்கள். இந்தக் கலப்பினங்களை 'காஸ்டா' என்று அழைத்தனர். நமது சாதி முறைக்கு ஐரோப்பியர் இட்ட பெயரும் இதே சொல்லிலிருந்து வந்ததே. பதினெட்டாம் நூற்றாண்டில், எந்தத் தகப்பனுக்கும் எந்தத் தாய்க்கும் பிறந்த பிள்ளைக்கு என்ன பெயர் என்று காட்டும் ஓவியங்களைப் பதினாறு பதினாறாக வரைந்து விற்றனர்.

பல பங்குகளில் திருமுழுக்குப் பதிவேடுகளும் வேறு வேறாக இருந்தன. ஸ்பானியருக்கு ஒன்று, கலப்பினத்தாருக்கு ஒன்று, சுதேச மக்களுக்கு ஒன்று. ஒரே தீர்த்தத் தொட்டியில் கழுவப்பட்ட பிள்ளைகள் வெவ்வேறு புத்தகங்களில் எழுதப்பட்டனர். திருச்சபை ஏடு ஒன்றில் எழுதுகிறோம் என்பதற்காக இதை மறைத்துச் செல்வது சரியன்று.

சுதேச மக்களே நாட்டில் அதிகமானோர். 1810ஆம் ஆண்டளவில் சனத்தொகை ஏறத்தாழ 60 இலட்சம், அதில் பத்தில் ஆறு பங்கினர் இவர்களே. இவர்கள் ஆண்டுதோறும் மன்னருக்குத் தலைவரி கட்டினர். ஆனால் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும், பின்னால் இது முக்கியமாகப்போகிறது. 'இந்தியர்' என்று தாழ்த்தி வைத்த அதே சட்டம், அவர்களுடைய கிராமங்களுக்குப் பொதுக்காணி உண்டு என்பதையும் ஏற்றுக்கொண்டிருந்தது. கிராமத்துக்கு ஒரு சபை இருந்தது. காணிக்கு முத்திரையிட்ட பத்திரம் இருந்தது. வயல், மேய்ச்சல் தரை, விறகுக் காடு, நீரூற்று ஆகியன ஊருக்குப் பொதுவாக இருந்தன. அவர்களுடைய வழக்குகளைக் கேட்பதற்கென்று மெக்சிக்கோ நகரில் 1592இல் தனி நீதிமன்றமும் ஏற்படுத்தப்பட்டது. இது மன்னரின் கருணையென்று எண்ண வேண்டியதில்லை. பால் கறக்கும் பசுவைப் பட்டினி போட எந்த எசமானும் விரும்பமாட்டான். காணி இல்லாத கிராமம் வரி கட்டாது என்பது மன்னருக்குத் தெரியும். பண்ணைக்காரர் பல இடங்களில் எல்லைக்கல்லை நகர்த்தியது உண்மைதான். எனினும் முறையிட ஓர் இடமும் காட்ட ஒரு பத்திரமும் இருந்தன.

டொலோரெஸ் கோயில் மணி

1808இல் பிரான்சின் நெப்போலியன் ஸ்பெயினுக்குள் புகுந்து மன்னரைச் சிறைப்பிடித்தான். மன்னர் இல்லாத நாட்டை யார் ஆள்வது என்ற தகராறு மெக்சிக்கோவிலும் எழுந்தது. கிரியோல்லோக்கள் இரகசியமாகக் கூடத் தொடங்கினர். அதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. 1808, 1809ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்தது. சோளன் விளையவில்லை, விலை பல மடங்காக ஏறியது. பண்ணைக் களஞ்சியங்களிலோ தானியம் விலை ஏறும்வரை பூட்டிக் கிடந்தது.

டொலோரெஸ் என்ற ஊரின் பங்குக்குருவானவர் மிகெல் இடால்கோ. கிரியோல்லோ வகுப்பினர், நிறையப் படித்தவர். தமது பங்கு மக்களுக்கு மட்பாண்டத் தொழில், தேனீ வளர்ப்பு, பட்டுப்பூச்சி வளர்ப்பு, திராட்சைப் பயிர் ஆகியவற்றைக் கற்றுக்கொடுத்தவர். கிராம அபிவிருத்தி என்று நாம் இன்று சொல்வதை அவர் அன்றே செய்தார் எனலாம். 1810 செப்ரெம்பர் 16ஆம் திகதி விடியற்காலையில் அவர் கோயில் மணியை அடிக்கச் செய்து, கூடியவர்களைப் போருக்கு அழைத்தார். கிரியோல்லோ நண்பர்கள் எதிர்பார்த்தது ஒழுங்கான ஒரு படையை. வந்ததோ ஏழைக் கமக்காரரும் சுரங்கத் தொழிலாளரும். கத்தி, கவண், ஈட்டி, மண்வெட்டி, கையில் எது இருந்ததோ அதைத் தூக்கிக்கொண்டு பல்லாயிரக்கணக்கில் வந்தனர். முன்னே குவாடலூப்பே மாதாவின் படம் கொடியாகச் சென்றது.

செப்ரெம்பர் 28ஆம் திகதி அவர்கள் குவனாஹுவாட்டோ என்ற வெள்ளிச் சுரங்க நகரை அடைந்தனர். நகரின் ஸ்பானியரும் செல்வந்தரும் தங்கள் வெள்ளியோடு ஒரு பெரிய கட்டிடத்துக்குள் புகுந்து கதவை அடைத்திருந்தனர். அது நகரின் தானியக் களஞ்சியம். இரண்டு வருடம் பசித்திருந்த கூட்டம் அதன் கதவுக்குத் தீ வைத்து உடைத்தது. உள்ளிருந்தவர்களில் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பசியை நாம் விளங்கிக்கொள்ளலாம். ஆனால் அன்று நடந்தது கொலை, அதை வேறு பெயரால் அழைக்க முடியாது.

அன்று முதல் கிரியோல்லோக்களின் மனம் மாறியது. ஸ்பானியரை வெறுத்த பண்ணைக்காரர்கள், தங்கள் வேலையாட்களைப் பார்த்து அதைவிட அதிகமாகப் பயந்தனர். பலர் மன்னரின் பக்கம் போய்ச் சேர்ந்தனர். இந்தப் போர் மெக்சிக்கோ மக்களுக்கும் ஸ்பானியருக்கும் இடையில் நடந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவதுண்டு. அது பாதி உண்மை. மன்னரின் படையிலே நின்று சுட்டவர்களிற் பெரும்பாலோர் மெக்சிக்கோவிலேயே பிறந்தவர்கள்.

இடால்கோ குவாடலஹாரா நகரில் இருந்த சில வாரங்களில் இட்ட கட்டளைகள் மூன்றை நாம் மறக்கலாகாது. அடிமை முறை ஒழிய வேண்டும். தலைவரி ஒழிய வேண்டும். குத்தகை என்ற பெயரில் பிறர் கையிற் போன கிராமக் காணிகள் சுதேச மக்களிடம் திரும்ப வேண்டும், இனி அவை குத்தகைக்கு விடப்படலாகாது. இவை 1810 டிசெம்பரில் இடப்பட்டவை. 1811 ஜனவரியில் அவருடைய படை முறியடிக்கப்பட்டது. யூலை 30ஆம் திகதி அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய தலையும் தோழர் மூவரின் தலைகளும் இரும்புக் கூடுகளில் இடப்பட்டு, அதே தானியக் களஞ்சியத்தின் நான்கு மூலைகளிலும் 1821 வரை தொங்கின.

பெயர் வேண்டாம் என்றவர்

இடால்கோவுக்குப் பின் போரை நடத்தியவர் ஹொசே மரியா மொரேலோஸ். இவரும் ஒரு குருவானவர், ஆனால் கலப்பினத்தவர். இளமையில் கோவேறு கழுதைகளில் சுமை ஏற்றி மலைப்பாதைகளில் நடந்தவர். 1810 நவம்பரிலேயே அவர் ஒரு கட்டளை இட்டார்: இனி ஒருவரையும் இந்தியர் என்றோ முலாட்டோ என்றோ காஸ்டா என்றோ அழைக்கலாகாது, எல்லோரும் அமெரிக்கரே. 1813இல் அவர் கூட்டிய மாநாட்டின் முன் வைத்த பத்திரத்திலும் அடிமைத்தனமும் பிறப்பு வேற்றுமையும் என்றென்றைக்கும் ஒழிய வேண்டும் என்று எழுதினார். 1815 டிசெம்பரில் அவரும் சுடப்பட்டார்.

எஞ்சியவர்கள் மலைகளில் சிறு குழுக்களாகத் திரிந்தனர். இந்த ஆண்டுகளில் கிராம மக்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. போராளிகளுக்கு உணவு கொடுத்தால் ஒரு தண்டனை, கொடுக்காவிட்டால் மறு பக்கத்தில் ஒரு தண்டனை. 1814இல் பென்ஹாமோ என்ற பகுதியில், போராளிகளின் மனைவியரும் தாய்மாரும் உறவினரும் என்று சொல்லிப் பெண்கள் பலர் பிள்ளைகளோடு பிடிக்கப்பட்டனர். விசாரணை எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் அவர்கள் அடைத்து வைக்கப்பட்டனர். விடுதலை கேட்டு அவர்களிற் சிலர் அனுப்பிய முறைப்பாடுகள் இன்றும் உள்ளன. அவர்களைப் பிடிக்கச் செய்த அதிகாரியின் பெயர் அகஸ்டின் டி இட்டுர்பிடே. கிரியோல்லோ குடும்பத்தவர், மன்னரின் படையில் பெயர்பெற்ற தளபதி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1821

1820இல் ஸ்பெயினில் ஆட்சி மாறியது. புதிய ஆட்சியினர் படையினரின் சலுகைகளிலும் திருச்சபையின் உடைமைகளிலும் கை வைத்தனர். அதுவரை மன்னருக்காகப் போராடிய தளபதிகள், பெரும் பண்ணைக்காரர், உயர் குருமார் ஆகியோருக்கு இப்போது ஸ்பெயினே ஆபத்தாகத் தெரிந்தது. பதினொரு வருடம் விடுதலையை எதிர்த்தவர்கள் ஒரே வருடத்தில் விடுதலை வேண்டும் என்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் அதே இட்டுர்பிடே.

தெற்கு மலைகளில் அப்போதும் அடிபணியாமல் இருந்தவர் விசென்டே கெரேரோ. ஆபிரிக்க, சுதேச இரத்தம் கலந்தவர், கழுதைச் சுமைக்காரர். இட்டுர்பிடே அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். மதம், விடுதலை, ஒற்றுமை என்ற மூன்று உறுதிமொழிகளுடன் 1821 செப்ரெம்பர் 27ஆம் திகதி படை தலைநகருக்குள் நுழைந்தது. மறுவருடம் இட்டுர்பிடே தம்மைப் பேரரசராகவே முடிசூட்டிக்கொண்டார். அது ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை.

விடுதலையால் ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொல்வது தவறு. தலைவரி போனது. பதிவேடுகளில் ஒருவரின் பிறப்பு வகுப்பை எழுதலாகாது என்று 1822இல் கட்டளை பிறந்தது. கெரேரோ 1829இல் சனாதிபதியாகி அடிமை முறையை ஒழித்தார். எனினும் அவ்வருட முடிவிலேயே அவர் பதவியிலிருந்து தள்ளப்பட்டார், 1831இல் சுட்டுக்கொல்லப்பட்டார். இடால்கோவின் காணிக் கட்டளையைப் பற்றி மட்டும் புதிய ஆட்சியாளர் வாய் திறக்கவில்லை. உடைமை உள்ளவரின் உடைமைக்குப் பாதுகாப்பு என்பதே 1821 உடன்பாட்டின் அடித்தளம்.

குழுவாக இதைப் படிப்போர் இவ்விடத்தில் நிறுத்தி, போரைத் தொடங்கியவர்கள் எதைக் கேட்டார்கள், முடித்தவர்கள் எதைக் கேட்டார்கள் என்று தங்களுக்குள் பேசிப் பார்க்கலாம். மூத்தவர்களும் பெண்களும் முதலிற் பேசட்டும்.

சமத்துவம் என்ற பெயரில்

இனி வருவதே இந்தப் பாடத்தில் கடினமான பகுதி. எல்லோரும் சமமான குடிகள் என்று சட்டம் சொல்லிவிட்டது. அப்படியானால் இந்தியர் என்று ஒருவர் இல்லை. இந்தியர் இல்லையென்றால் இந்தியரின் கிராமப் பொதுக்காணி மட்டும் எதற்கு? அவர்களுக்கென்று தனி நீதிமன்றம் எதற்கு? இந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் அல்லர். காணி தனித்தனி ஆட்களின் பெயரில் இருந்தால் உழைப்பு பெருகும், நாடு முன்னேறும் என்று அக்காலத்துப் படித்தவர்கள் உண்மையாகவே நம்பினர்.

1856இல் ஒரு சட்டம் வந்தது. சங்கங்களும் சபைகளும் பொதுவாக வைத்திருக்கும் நிலம் தனியாருக்கு மாற்றப்பட வேண்டும் என்பது அதன் சாரம். அதன் முதல் இலக்கு திருச்சபையே. அன்று திருச்சபை நாட்டின் மிகப் பெரிய நிலச்சொந்தக்காரர்களில் ஒன்றாக இருந்தது, அதில் நியாயம் காண்பது கடினம். ஆனால் அடி கிராமங்களின் மீதும் விழுந்தது. சில ஆண்டுகளில் சனாதிபதியான பெனிட்டோ ஹுவாரெஸ் தாமே ஒரு சுதேசக் கிராமத்தில் சபோடெக் குடும்பத்தில் பிறந்தவர், நேர்மையானவர். அவரும் இச்சட்டத்தின் பக்கமே நின்றார்.

நடைமுறையில் என்ன நடந்தது? பொதுக்காணியைத் துண்டாக்கி ஆளுக்கொரு பத்திரம் எழுத வேண்டும். பத்திரத்துக்கு நொத்தாரிசு கூலி, முத்திரைக் கூலி. நகரத்துக்குப் போய்வரச் செலவு. பல குடும்பங்களுக்குச் சட்டம் வந்ததே தெரியாது. தெரிந்தவர்கள் கடன்பட்டுப் பத்திரம் எடுத்தனர், அடுத்த வரட்சியில் அதே துண்டைக் கடனுக்கு இழந்தனர். மேய்ச்சல் தரையையும் நீரூற்றையும் துண்டாக்க முடியாது. அவற்றைக் காசுள்ளவன் வாங்கினான். ஊர் பொதுவாக வைத்திருந்த காலத்தில் ஒரு குடும்பம் கடன்பட்டாலும் ஊர்க்காணி போகாது. தனித்தனியான பின் ஒவ்வொரு குடும்பமும் தனியே நின்றது.

1876இல் ஆட்சிக்கு வந்த போர்பிரியோ டியாஸ், இடையில் சில வருடங்கள் தவிர, 1911 வரை நாட்டை ஆண்டார். அவர் காலத்தில் 'தரிசு நிலம்' அளக்கும் கம்பனிகளுக்கு, அளந்த நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூலியாகக் கொடுக்கப்பட்டது. பத்திரம் காட்ட முடியாத கிராமத்தின் காணி தரிசு என்றே எழுதப்பட்டது. புகையிரதப் பாதை வந்தது, சீனி ஆலைகள் பெருகின, ஏற்றுமதி கூடியது. வடக்கே யாக்கி மக்கள் தங்கள் ஆற்றங்கரை நிலங்களிலிருந்து பிடுங்கப்பட்டு, நாட்டின் மறு கோடியிலுள்ள நார்த்தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் ஏற்றி அனுப்பப்பட்டனர். பண்ணைக் கூலியாட்கள் பண்ணைக் கடையிலேயே சாமான் வாங்கி, அந்தக் கடனிலேயே கட்டுண்டு கிடந்தனர். 1910இல் விடுதலையின் நூறாவது ஆண்டு மிகுந்த ஆடம்பரத்தோடு கொண்டாடப்பட்டது. கிராமக் குடும்பங்களிற் பெரும்பாலானவற்றுக்கு அப்போது சொந்தக் காணி இல்லை.

தகரப் பெட்டி

மொரேலோஸ் குருவானவரின் பெயரைத் தாங்கிய மாநிலத்தில் அனனெகுயில்கோ என்றொரு சிறு கிராமம். நானூறு பேர்கூட இல்லை. சுற்றியிருந்த கரும்புப் பண்ணைகள் வருடத்துக்கு வருடம் அதன் காணியைத் தின்றுகொண்டு வந்தன. 1909 செப்ரெம்பர் 12ஆம் திகதி ஊரார் கூடினர். பழைய தலைவர் தமக்கு வயதாகிவிட்டது, இனி இளையவர் பொறுப்பேற்கட்டும் என்றார். 30 வயதான எமிலியானோ சபாட்டாவைத் தெரிவுசெய்தனர். குதிரை பழக்குவதில் கெட்டிக்காரர். கொஞ்சம் சொந்த நிலம் இருந்தது, பண்ணைக் காணியில் வாரத்துக்கு வத்தகப்பழமும் செய்தவர்.

பதவியோடு அவருக்கு ஒப்படைக்கப்பட்டது ஊரின் பழைய பத்திரங்கள். ஸ்பானிய மன்னர் காலத்து உறுதிகள், எல்லைப் படங்கள், தலைமுறை தலைமுறையாகத் தோற்ற வழக்குகளின் தாள்கள். சபாட்டாவும் ஊர்ச் செயலாளர் பிரான்சிஸ்கோ பிராங்கோவும் கிராமக் கோயிலில் இருந்து நாட்கணக்காக அவற்றை வாசித்தனர். சில பத்திரங்கள் மூதாதையரின் நவாட்டில் மொழியில் இருந்தன. ஊரில் அதை வாசிக்க ஆளில்லை. அந்த மொழி தெரிந்தவர் இருந்த வேறொரு கிராமத்துக்குக் கொண்டுபோய் வாசிப்பித்தனர்.

அடுத்த விதைப்புக் காலத்தில் அயற்பண்ணை, ஊரார் கொத்திப் பண்படுத்திய நிலத்தையே வேறு ஊராருக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. ஆளுநருக்குக் கடிதம் எழுதினர். பதில் சுற்றிச் சுற்றி வந்தது. பயிர் செய்ய விரும்பினால் பூச்சட்டியிற் செய்யட்டும் என்று பண்ணை முகாமையாளர் சொன்னதாக ஊரில் நெடுங்காலம் பேசிக்கொண்டனர். கடைசியில் சபாட்டா எண்பது பேர் அளவில் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனார். குத்தகைக்கு வந்திருந்தவர்களும் ஏழைகளே. உங்களோடு எங்களுக்குப் பகையில்லை, இது எங்கள் ஊர்க்காணி என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு விதைத்தனர். ஒருவருக்கும் காயமில்லை.

பின்னர் நாடு முழுவதும் புரட்சி மூண்டது. 1911 நவம்பரில் சபாட்டாவும் தோழர்களும் வெளியிட்ட அயலா திட்டம், பத்திரம் வைத்திருக்கும் கிராமங்கள் தாம் இழந்த காணியை உடனே கையேற்கலாம் என்றது. வழக்குப் போட விரும்பினால் பண்ணைக்காரன் போடட்டும். நூறு வருடமாகக் கிராமம் வழக்காடியது போதும், இனி நிரூபிக்க வேண்டியவர் மற்றவரே என்பது அதன் கருத்து. இடால்கோவின் 1810 கட்டளையின் கருத்து இவ்வாறு மீண்டும் முன்னே வந்தது. போரின் நடுவே மாநிலத்தின் எல்லைகளை அளக்க விவசாயக் கல்லூரி மாணவர்கள் வந்தனர். பழைய எல்லைப் படங்களோடு ஊர் முதியவர்கள் அவர்களுக்கு முன்னே நடந்து, இந்தக் கல், அந்த ஓடை என்று காட்டினர்.

1917இன் அரசியல் யாப்பு கிராமங்களின் காணி உரிமையை ஏற்றது. சபாட்டா 1919 ஏப்ரல் 10ஆம் திகதி வஞ்சகமாக அழைக்கப்பட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். 1934 முதல் 1940 வரை ஆண்ட லாசரோ கார்டெனாஸ் காலத்திலேயே காணி பெரிய அளவிற் பகிரப்பட்டது, ஏறத்தாழ 180 இலட்சம் ஹெக்டேயர். 1992இல் அரசியல் யாப்பை மாற்றிக் காணிப் பகிர்வை நிறுத்தினர். 1994 ஜனவரி முதலாம் திகதி, சியாப்பாஸ் மாநிலத்துச் சுதேசக் கமக்காரர் சபாட்டாவின் பெயரைச் சொல்லி எழுந்தனர்.

அந்தப் பத்திரங்கள் என்னவாயின என்று கேட்பீர்கள். போர் தொடங்கியபோது சபாட்டா அவற்றைப் பிராங்கோவிடம் ஒப்படைத்து, எது நடந்தாலும் இவற்றைக் காப்பாற்று என்றார். அரசுப் படைகள் மாநிலத்தின் ஊர்களை எரித்தன. மக்கள் மலைகளுக்கு ஓடினர், திரும்பினர், மீண்டும் ஓடினர். பிராங்கோ பெட்டியைக் கைவிடவில்லை. 1943இல் வரலாற்றாசிரியர் ஒருவர் அக்கிராமத்தைப் பற்றி நூல் வெளியிட்டபோது, அதற்கு ஆதாரமாக இருந்தவை அந்தத் தாள்களே. சபாட்டா இறந்து கால் நூற்றாண்டு ஆகியும் அவை பிராங்கோவின் கையிலேயே இருந்தன.